டீசல் கார் தேடுறேன் - கோலாலம்பூர் செந்தூல் நாட்குறிப்பு

18 மே 2024, சனி

சின்னவன் பொறந்ததுல இருந்து எங்க சின்னக் கார் மைவி பத்தவே இல்ல. பின் சீட்டுல பெரியவளுக்கு ஒரு சைல்ட் சீட்டு, சின்னவனுக்கு பின்னாடி பாத்த மாதிரி ஒண்ணு, அத மாட்டணும்னா முன் சீட்ட முழுசா முன்னாடி தள்ளணும், வீட்டுக்காரிக்கு முட்டி டேஷ்போர்டுல இடிக்குது. 2020 ஜனவரியில இருந்து சைல்ட் சீட்டு சட்டப்படி கட்டாயம், சட்டம் இல்லன்னாலும் அது இல்லாம புள்ளைங்கள நான் ஏத்த மாட்டேன். பூட்டுல ஸ்ட்ரோலர வெச்சா அதுக்கு மேல ஒரு பேக்குக்குத்தான் இடம். தைப்பிங்ல அம்மாவ பாக்கப் போனா திரும்பி வரும்போது அவங்க குடுக்குற அரிசி, ஊறுகாய், வாழைத்தாருன்னு எல்லாத்தையும் கால்கிட்ட வெச்சிக்கிட்டுதான் வரணும்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் தினமும் செந்தூல்ல இருந்து புக்கிட் பெருந்தோங் ஃபேக்டரிக்கு போய் வரணும், ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் கிட்ட, தொண்ணூறு சதவீதம் ஹைவேதான். எல்லாரும் காலையில கோலாலம்பூருக்குள்ள வர்றப்போ நான் வெளிய போறேன், அதனால ஜாம் ரொம்ப இல்ல. தைப்பிங்கையும் சேத்தா மாசத்துக்கு 2,500 கிலோமீட்டர் சுலபமா ஓடுது. இவ்வளவு ஓட்டுறவனுக்கு டீசல்தான் சரின்னு என் மனசு ரொம்ப நாளா சொல்லுது. எண்ணெ கம்மியா குடிக்கணும், மேட்டுல இழுக்கணும், குடும்பம் வசதியா உக்காரணும். இந்த மூணும் ஒண்ணா வேணும்.

22 மே, புதன் (விசாகம், லீவு)

நேத்து ராத்திரி பிரதமர் அன்வார் டிவியில டீசல் மானியத்த மாத்தப் போறோம்னு அறிவிச்சிட்டாரு. தீபகற்பத்துக்கு மட்டும்தான், சபா சரவாக்குக்கு இல்ல. வருஷத்துக்கு 4 பில்லியன் வெள்ளி மிச்சமாகுமாம். எந்தத் தேதி, என்ன விலைன்னு சொல்லல. இன்னைக்கு 2.15 வெள்ளி. மானிய டீசல கடத்தி வெளிய விக்கிறானுங்கன்னு எத்தனையோ வருஷமா கேக்குறோம், நிறுத்த வேண்டியதுதான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா கார் வாங்கப் போற நேரத்துலயா வரணும்.

மச்சான் போன் பண்ணி, "பாத்தீங்களா, டீசல விட்டுடுங்க"ன்னாரு. போன வாரம் வரைக்கும் அவரேதான் பிஎம்டபிள்யூ 320டி வாங்குங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்தக் கார் நல்ல வேகம், நூறு கிலோமீட்டர் வேகத்த எட்டு செகண்டுக்குள்ள தொட்டுடும், ஹைவேயில எண்ணெயும் அவ்வளவா குடிக்காது. ஆனா டைமிங் செயின் இஞ்சினுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு, அதுல கை வைக்கணும்னா கூலியே பெருசா வந்துடும், ரெண்டு சைல்ட் சீட்டு வெச்சா பின்னாடி வேற யாரும் உக்கார முடியாது. தனி ஆளுக்கு சரி, எங்களுக்கு ஆகாது.

25 மே, சனி

நம்ம ஊருல டீசல் கார் கொஞ்சம்தான், டீசல்னாலே ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ்னு நாலு சக்கர லோரிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். தொண்ணூறுகள்ல புரோட்டோன் வீரா 2.0 டீசல் இருந்துச்சு, சித்தப்பா ஒண்ணு வெச்சிருந்தாரு, அதுக்கப்புறம் உள்ளூர் டீசல் காருன்னு ஒண்ணும் பெருசா வரல. குடும்பத்துக்குன்னு பாத்தா மாஸ்டா சிஎக்ஸ்-5 2.2 டீசல், சிஎக்ஸ்-8 டீசல், ஹ்யுண்டாய் சாந்தா ஃபே, கியா சொரெந்தோ, கார்னிவல், இவ்வளவுதான் கைக்கு எட்டுது, அதுலயும் செகண்ட் ஹேண்டுதான். சிஎக்ஸ்-8க்கு மூணு வரிசை சீட்டு, அருமையான கார், ஆனா மாசத் தவணை எங்க பட்ஜெட்ட தாண்டுது. சிஎக்ஸ்-30 1.8 டீசல் எண்ணெய்க்கு நல்லது, பின் சீட்டு சின்னது, வேகமும் சுமார்தான்.

சாயங்காலம் புள்ளைங்க தூங்குனதும் சிஎக்ஸ்-5 டீசலையும் அதே காரோட 2.0 பெட்ரோலையும் வெச்சு கணக்கு போட்டேன். டீசல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வெச்சா 2,500க்கு 167 லிட்டர், 2.15 விலையில மாசம் 358 வெள்ளி. பெட்ரோல் 11 குடுக்கும்னு வெச்சா 227 லிட்டர், ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2.05 வெள்ளி, ஆக 466 வெள்ளி. டீசல்ல நூறு வெள்ளிக்கு மேல மிச்சம். ரோடு டேக்ஸ் டீசலுக்கு 436.40, பெட்ரோலுக்கு 359.40, அது பெரிய வித்தியாசம் இல்ல.

28 மே, செவ்வாய்

இன்னைக்கு புடி மடானிக்கு, அதாவது அரசாங்கம் குடுக்கற டீசல் உதவித்தொகைக்கு, பதிவு தொடங்கிடுச்சு. டீசல் வண்டி வெச்சிருக்கற தனியாளுக்கு மாசம் 200 வெள்ளி. வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆனவங்கன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேத்து. பத்து வருஷத்துக்குக் கீழ உள்ள ஆடம்பரக் கார்னா கிடைக்காது. எங்க ரெண்டு பேரு சம்பளத்தையும் கூட்டிப் பாத்தேன், கோட்டத் தாண்டுது, கொஞ்சம்தான், ஆனா தாண்டுது. அதனால எனக்கு மானியம் கிடைக்காதுன்னே வெச்சுக்கிட்டுதான் மேல யோசிக்கணும்.

1 ஜூன், சனி

செகாம்புட்ல வர்க்ஷாப் வெச்சிருக்கற அண்ணன், எங்க மைவிய ஆரம்பத்துல இருந்து பாக்குறவரு, லோரியும் வேனும் பாத்து வளந்த ஃபோர்மேன், அவர கூட்டிக்கிட்டு கெப்போங்ல ஒரு யார்டுக்குப் போனேன். 2018 சிஎக்ஸ்-5 2.2 டீசல், வெள்ளை, 88,000 கேட்டாங்க.

அண்ணன் மொதல்ல போனட்டுல கை வெச்சாரு. "சூடா இருந்தா இன்னைக்கு பாக்க வேணாம் தம்பி, டீசல பச்சத்தண்ணி மாதிரி இருக்கறப்போ ஸ்டார்ட் பண்ணிதான் பாக்கணும்." சில்லுனுதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு டிஷ்யூவ எடுத்து விரல்ல சுத்தி சைலென்சர் வாய்க்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனாரு. வெளிய எடுத்தப்போ டிஷ்யூவுல லேசா சாம்பல் நிறம், கரி இல்ல. உள்ள கரிய புடிச்சு வெக்கிற டிபிஎஃப் ஃபில்டர் ஒழுங்கா இருந்தா கரி வெளிய வரக்கூடாதாம், மையி மாதிரி கறுப்பா வந்தா ஃபில்டர் வெடிச்சிருக்கு இல்லன்னா யாரோ உள்ள இருக்கறத ஒடச்சி எடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.

அடுத்து ஆயில் ஸ்டிக். இந்த இஞ்சினோட ஸ்டிக்குல கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு, அதுக்கும் மேல ஒரு எக்ஸ் குறி இருக்கு. எனக்கு இதுவரைக்கும் தெரியாது. ஃபில்டர்ல சேர்ற கரிய எரிக்கறதுக்கு இஞ்சின் கூடுதலா டீசல அடிக்கும், உள்ள 600 டிகிரி கிட்ட சூடு ஏறும், கரி எரிஞ்சு போகும். அதுக்கு ஹைவேயில நிறுத்தாம கொஞ்ச நேரம் ஓடணும். டவுனுக்குள்ளயே ஸ்கூல், பாசார், வீடுன்னு குட்டிக் குட்டியா ஓட்டுனா பாதியில நின்னு போயிடும், எரியாத டீசல் கீழ இறங்கி இஞ்சின் ஆயில்ல கலக்கும், ஆயில் கொறையறதுக்கு பதிலா ஏறும். எக்ஸ் வரைக்கும் ஏறிட்டா உடனே ஆயில் மாத்தணும். இந்தக் கார்ல மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழதான் இருந்துச்சு, மோந்து பாத்தா டீசல் வாட இல்ல.

அண்ணன் சொன்னது எனக்கு நல்லா பதிஞ்சிடுச்சு: "டீசல் கெட்டுப்போறது ஓடி இல்ல தம்பி, ஓடாமத்தான்." இந்த ஊருல டீசல் கார் வாங்கி அவதிப்பட்டவங்க எத்தனையோ பேரு டவுன்லயே ஓட்டுனவங்கதான். என் ஓட்டம் வேற. தினமும் ரெண்டு வேள ஹைவே.

டெஸ்ட் ட்ரைவ் போனப்போ ஜாலான் கூச்சிங் பக்கம் ஏத்தத்துல கால லேசா வெச்சேன், இழுவை 420 என்எம்னு பேப்பர்ல படிச்சது வேற, முதுகு சீட்டோட ஒட்டுறது வேற. இஞ்சின் கத்தவே இல்ல, ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல சும்மா அமைதியா தள்ளுது.

9 ஜூன், ஞாயிறு

அறிவிச்சிட்டாங்க. நள்ளிரவு தாண்டி டீசல் 3.35. ஒரே அடியில 1.20 ஏத்தம். பாம் எண்ணெய் கலப்பு 7 சதவீதம் உள்ள பி7 டீசல் அதுக்கு மேல 20 காசு. ராத்திரி பால் பவுடர் வாங்க வெளிய போனேன், பெட்ரோல் ஸ்டேஷன்ல டீசல் பம்புக்கு மட்டும் வேனும் லோரியும் ரோடு வரைக்கும் வரிசை.

வீட்டுக்காரி, "இப்ப என்னங்க பண்ணப் போறீங்க"ன்னு கேட்டா. கணக்க மறுபடி போடலாம்னு சொன்னேன்.

10 ஜூன், திங்கள்

போட்டேன். 167 லிட்டர், 3.35க்கு 559 வெள்ளி. பெட்ரோல் அதே 466. மிச்சம் போயி இப்ப டீசல்தான் மாசம் 93 வெள்ளி கூட. 200 வெள்ளி மானியம் கிடைக்கறவங்களுக்கு 359, அதாவது பழைய விலையேதான், அவங்களுக்கு ஒண்ணும் மாறல. அந்த 200ங்கறது சரியா என்ன மாதிரி ஓட்டுறவனோட ஏத்தத்துக்கு சமமா வருது, ஆனா அது எனக்கு இல்ல.

"அப்ப பெட்ரோலே எடுத்துடலாம்ல"ன்னா வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. ஆனா ரோன் 95க்கும் இதே மாதிரி ஒரு நாள் வரும்னு அரசாங்கமே சொல்லிக்கிட்டுதான் இருக்கு. கார் ஏழெட்டு வருஷம் வெச்சிருக்கப் போறோம். இன்னைக்கு விலைய மட்டும் பாத்து முடிவு பண்ண எனக்கு மனசு வரல. எந்த எண்ணெய் வெல ஏறினாலும் கம்மியா குடிக்கற இஞ்சினுக்கு அடி கம்மிதான்.

ஹைப்ரிட்டும் பாத்தோம், நல்ல வண்டிங்கதான், டவுனுக்குள்ளயே ஓட்டுறவங்களுக்கு நான் தாராளமா அதத்தான் சொல்லுவேன். எங்களுக்கு வேணுங்கற சைஸ்ல புதுசு வாங்க கைல காசு இல்ல.

16 ஜூன், ஞாயிறு

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள் லீவு, தைப்பிங் போயிருக்கணும், சின்னவனுக்கு காய்ச்சல், போகல. அம்மா போன்ல, "கார் எதுவா இருந்தாலும் சரிப்பா, நான் ஏறி இறங்க முடியணும்"னாங்க. முட்டி வலிக்கு மைவி ரொம்ப தாழ்வு, அவங்க ஏறும்போது பாத்தாலே எனக்கு கஷ்டமா இருக்கும். உயரமான சீட்டுன்னு நான் லிஸ்ட்ல மேல எழுதிக்கிட்டேன்.

22 ஜூன், சனி

அதே யார்டு, அதே வெள்ளக் கார் அங்கயேதான் நிக்குது. விலை ஏறுன பிறகு டீசல் கேட்டு யாரும் வரலன்னு சேல்ஸ்மேன் முகத்துலயே தெரியுது. இந்த தடவ குடும்பத்தோட போனோம், ரெண்டு சைல்ட் சீட்டையும் தூக்கிக்கிட்டு. சைல்ட் சீட்ட மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி சீட்டு இடுக்குல ஒளிஞ்சிருக்கு, விரல விட்டு தடவித்தான் கண்டுபிடிக்கணும், ரெண்டும் 'டக்'குன்னு மாட்டுச்சு. நடுவுல மிச்ச இடம் ஒல்லியா இருக்கறவங்களுக்கு மட்டும்தான், வீட்டுக்காரி உக்காந்து பாத்தா, பக்கத்துல இருக்கற சின்னவனுக்கு பால் குடுக்க முடியுது, அம்மா முன் சீட்டுல. தைப்பிங் வரைக்கும் இது போதும். பூட்டுல ஸ்ட்ரோலர் நீளமா படுக்குது, அதுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு பேக்குக்கு இடம் இருக்கு. பெரியவ பின் ஏர்கோன் ஓட்டைய தொட்டு தொட்டு பாத்துக்கிட்டே இருந்தா.

பேரம் பேசுனேன். 88,000த்துல இருந்து 83,500க்கு வந்தாங்க. 4,500 வெள்ளி கொறஞ்சா, மாசம் 93 வெள்ளி கூட செலவானாலும் நாலு வருஷம் தாங்கும். மத்தவங்கள பயமுறுத்துன விலையே எனக்கு கார குறைச்சுக் குடுத்துச்சு. புக்கிங் பணம் கட்டிட்டோம்.

5 ஜூலை, வெள்ளி

புஷ்பகோம்ல வண்டி பரிசோதனை முடிஞ்சுது, லோன் பாஸ் ஆயிடுச்சு. பேங்க்ல ஒம்பது வருஷம் வரைக்கும் தர்றேன்னாங்க, அஞ்சுதான் எடுத்தேன், ஆறு வயசு ஆன காருக்கு ஒம்பது வருஷம் தவணை கட்டக்கூடாது. மைவிய வித்த காசு, அதோட இன்சூரன்ஸ் நோ க்ளெய்ம் டிஸ்கவுண்ட்டும் இதுக்கு மாத்தியாச்சு.

கைக்கு வந்ததும் நேரா அண்ணன் வர்க்ஷாப்புக்கு. ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் புதுசு. டிபிஎஃப் இருக்கற காருக்குன்னு தனி ஆயில், சாம்பல் கம்மியா விடறது, அதத்தான் ஊத்தணும், லோரிக்கு ஊத்தறத ஊத்துனா ஃபில்டர் அடைச்சுக்கும். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஸ்டேஷன்லயும் யூரோ 5 டீசல்தான், கந்தகம் 10 பிபிஎம். அதுக்கு முன்னாடி யூரோ 2எம்ல 500. இந்தக் கார் மொத மூணு வருஷம் எத குடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது, அதனால இன்டேக் பக்கம் கழட்டி கரி சேந்திருக்கான்னு அடுத்த சர்வீஸ்ல பாக்கச் சொல்லியிருக்கேன்.

14 ஜூலை, ஞாயிறு

தைப்பிங் போயிட்டு இப்பதான் வந்தோம். திரும்பி வர்ற வழியில மெனோரா சுரங்கத்துக்கு ஏறுற மேடு இருக்கே, லோரிங்க எல்லாம் இடது லேன்ல தவழ்ந்துக்கிட்டு போகும், மைவியில முழுக் குடும்பமும் இருந்தா ஏர்கோன அடைச்சுட்டு ரெண்டாவது கியருக்கு இறங்கி கதறும், பின்னாடி பஸ் வந்து ஒட்டும், வயித்துல புளியக் கரைக்கும். இந்த தடவ ஏர்கோன் ஓடிக்கிட்டே இருக்கு, புள்ளைங்க ரெண்டும் தூங்குது, அம்மாவும் கூட வர்றாங்க, லேசா மிதிச்சேன், வலது லேன்ல 110லயே ஏறிடுச்சு. அம்மா எதுவும் சொல்லல, அவங்க கை பிடிய பிடிக்கல, அதுவே எனக்கு போதும்.

நடுவுல ஒரு தடவ எண்ணெய் எவ்வளவு குடிக்குதுன்னு காட்டுற மீட்டர் திடீர்னு ஏறுச்சு, வண்டி நின்னா தானா அணையற இஞ்சின் டோல்ல நின்னப்போ அணையல, ஐடில் கொஞ்சம் கூட. கரிய எரிக்குதுன்னு புரிஞ்சுது, ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தலாம்னு நெனச்சத தள்ளிப்போட்டு அது முடியற வரைக்கும் ஓட்டுனேன்.

போகும்போது ஃபுல், வந்ததும் அதே பம்புல ஃபுல். 580 கிலோமீட்டர், 37 லிட்டர், 124 வெள்ளி. லிட்டருக்கு 15.7. அம்மா ரெண்டு வாரம் எங்களோட இருக்காங்க, திரும்ப கொண்டு போய் விடறப்போ டயர் காத்த இன்னும் கொஞ்சம் சரியா வெச்சுப் பாக்கணும்.