ஒரு தடுப்புச் சுவர் எஸ்டிமேட்டும் நான் புதிதாகக் கற்றவையும்

கோத்தகிரிப் பகுதியில் ஒரு பேரூராட்சியில் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். சரிவில் அமைந்த குடியிருப்புச் சாலையின் ஓரம் மழையில் இடிந்து இறங்கியதால், அங்கே தடுப்புச் சுவர் கட்ட எஸ்டிமேட் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீளம், உயரம், கான்கிரீட் அளவு, விலைப்பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு அதை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையையும் கண்ட நீலகிரி மாவட்டத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சுவர் கட்டுவது பொறுப்பான செயல் அன்று.

அதற்கு வரைபடம் வேண்டியிருந்தது. இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸை மாலை வேளைகளில் நானே பழகினேன். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவில் மலைமுகடும் பள்ளத்தாக்கும் தெரியுமே தவிர, ஒரு சந்தின் மேடு பள்ளம் தெரியாது. ஆகவே தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து மட்டம் (இடத்துக்கு இடம் உள்ள உயர வேறுபாடு) எடுத்தோம்; சிறு பாலங்கள், வடிகால்கள், வீட்டுக் கழிவுநீர் வெளியேறும் இடங்கள் அனைத்தையும் நடந்தே கைப்பேசியில் குறித்தோம்.

எந்தக் கருவியும் காட்டாத ஒன்றைப் பக்கத்து ஹட்டியை (படுகர் கிராமம்) சேர்ந்த பெரியவர் காட்டினார். “இங்கே ஊற்று இருந்தது மேடம், கோடையிலும் இந்த மண் காயாது” என்று அவர் சொன்ன இடத்தில் கடப்பாரையால் குத்தியபோது, மழையே இல்லாத மார்ச் மாதத்திலும் குழியின் அடியில் தண்ணீர் மெல்ல ஊறியது. அந்த ஊற்றின் மேற்பகுதியில் இப்போது சிமென்ட் பூசிய முற்றம் இருக்கிறது.

அதன்பின் கணக்கே மாறியது. சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன் அழுத்தம் விழும். உலர்ந்த மண் தரும் அழுத்தத்தைவிட இது அதிகம். எனவே சரிவின் மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வடிகால், சுவரின் பின்புறம் ஜல்லி அடுக்கு, வெளிப்புறம் சாய்ந்த கசிவுத் துளைகள் ஆகியவற்றைச் சேர்த்தேன். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கான ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர நிர்ணய வழிகாட்டுதலையும் துணைக்கு எடுத்துக்கொண்டேன்.

மன்றக் கூட்டத்தில், சுவர் கேட்டால் வடிகாலுக்கு ஏன் செலவு என்று உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு விரித்து, ஒவ்வொரு வீட்டின் தண்ணீரும் எங்கே இறங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டியபோது விவாதத்தின் போக்கே மாறியது. கணக்கை எளிய தமிழில் மக்கள் பிரதிநிதிகளுக்கு விளக்கும் பழக்கத்தைக் கல்லூரியில் எங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பணியில் சேர்பவர்களுக்கான பயிற்சியில் அது அவசியம் இடம்பெற வேண்டும் என்பேன்.

வேலை நடந்தபோது ஜல்லி அடுக்கை மண் போட்டு மூடுவதற்கு முன்பே அளந்து, இருப்பிடம் பதியும் புகைப்படங்களுடன் எம்-புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) ஏற்றினோம். மூடிய பிறகு அங்கே என்ன இருக்கிறது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

நான் இடமாறுதலில் சென்றாலும் வரைபடம் பயன்பட வேண்டுமென்று, அதைத் திறந்து திருத்தும் முறையைத் தமிழில் எழுதி அலுவலகக் கணினியில் வைத்திருக்கிறேன். புதிய குழாய் இணைப்பு தரும்போதெல்லாம் ஃபிட்டரே அந்த இடத்தைக் கைப்பேசியில் குறித்து அனுப்புகிறார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடுத்த தெருவின் மட்டம் எடுக்கும் வேலையைத் தொடங்கியுள்ளோம்.