பத்து மணிக்குப் பூட்டப்படும் பூங்கா

2018 ஆம் ஆண்டின் இறுதியில், தென்சென்னையில் 14 கிரவுண்டு பரப்புள்ள ஒரு பூங்காவைச் சீரமைப்பதற்கு அப்பகுதி மக்களின் கருத்தைக் கேட்டுத் தொகுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் அங்கிருந்த பெரிய மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. சுற்றுச்சுவரின் ஒரு பக்கம் இடிந்து, அந்த இடத்தில் வைத்த தகரத் தடுப்பு இரண்டு ஆண்டுகளாக அப்படியே நின்றது. எஞ்சிய ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் காலை நடைக்கு வருபவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உடற்பயிற்சி செய்வார்கள். அதற்கு முன் நான் குடிநீர், மழைநீர் வடிகால் திட்டங்களுக்காகக் கூட்டங்கள் நடத்தியிருந்தேன். பூங்காவை யார்தான் வேண்டாம் என்பார்கள், இது எளிய வேலைதான் என்று எண்ணினேன்.

ஒரு சுரங்கமோ பெரிய தொழிற்சாலையோ வருவதாக இருந்தால், 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கருத்துக் கேட்புக்கு விரிவான நடைமுறையை வகுத்திருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். நடவடிக்கைகளைக் காணொளியில் பதிய வேண்டும். மாநகராட்சிப் பூங்காவுக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. கூட்டம் நடப்பதும் நடக்காததும் நிதி தருபவரின் நிபந்தனையையும் அப்போது அந்த இருக்கையில் இருக்கும் அதிகாரியின் மனத்தையும் பொறுத்தது. கூடவே, சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, 2022 பிப்ரவரித் தேர்தல் வரை வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. எந்தத் தெருவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்குக்கூட ஆள் இல்லாத நிலையில், குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். சனிக்கிழமை காலை பதினொரு மணி எல்லோருக்கும் வசதி என்றார். அந்த ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கியிருக்கிறார்கள் என்று நான் அன்று கேட்கவில்லை.

சமுதாயக் கூடத்தில் நூறு நாற்காலிகள் போட்டிருந்தோம். ஏறத்தாழ நாற்பது பேர் வந்தார்கள். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற ஆண்கள். எட்டு வடிவ நடைபாதை, கூழாங்கல் பாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, ஒலிபெருக்கியில் மெல்லிய இசை என்று கோரிக்கைகள் வரிசையாக வந்தன. பந்து கண்ணாடியை உடைக்கிறது, ஆகவே கிரிக்கெட்டைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னபோது பலத்த கைதட்டல் எழுந்தது. ஒரு மூலையில் நியாயவிலைக் கடையும் நூலகமும் கட்டித் தரலாமே என்று இன்னொருவர் கேட்டார். அங்கே மட்டும் எனக்குச் சட்டம் கைகொடுத்தது: 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பூங்காவென்று பட்டியலில் உள்ள இடத்தை அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 இல் செல்லாதென்று தீர்ப்பளித்ததையும் சொன்னேன். அவர் தலையசைத்து அமர்ந்தார். கூட்டங்களில் ‘முடியாது’ என்பதைக் காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்புவதுதான் அடுத்த முறை அவர்களை வராமல் செய்கிறது.

கூட்டக் குறிப்பை எழுதி, கையெழுத்துகளையும் புகைப்படங்களையும் இணைத்துக் கொடுத்தேன். உதவிப் பொறியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், நல்லா வந்திருக்கு. ஆனா எஸ்டிமேட் போன மாசமே போயிடுச்சே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, எனக்கு அது தெரிந்திருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நகரும் கோப்பில் முதல் படி தாண்டிய பிறகு மக்களிடம் போனால், அவர்களால் மாற்றக்கூடியது சுவரின் வண்ணத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்பே கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிக்காதது என் பிழை. இப்போது எந்த வேலையை ஏற்பதற்கு முன்னும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். பதில் சரியில்லையென்றால் கருத்துக் கேட்பு என்ற பெயரைப் பயன்படுத்த வேண்டாம், தகவல் கூட்டம் என்று போடுங்கள் என்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை.

அந்த முறை ஒரு தற்செயல் எங்களைக் காப்பாற்றியது. மதிப்பீட்டில் சுற்றுச்சுவரின் நீளம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததால் கோப்பு திருப்பி அனுப்பப்பட்டது. கிடைத்த ஆறு வார இடைவெளியில், இன்னொரு கூட்டம் கூட்டுவதற்குப் பதிலாக, பூங்காவில் வெவ்வேறு நேரங்களில் உட்கார்ந்து யார் வருகிறார்கள், எங்கே அமர்கிறார்கள், எப்போது எழுந்து போகிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன்.

காலை ஐந்தரை மணிக்கு வருபவர்களும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள். பத்து மணிக்குக் காவலாளி கதவைப் பூட்டுவார். ‘காலை 5 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை’ என்று பலகையில் எழுதியிருந்தது. பூட்டிய பூங்காவில் நான் மட்டும் உட்கார முடியாதாகையால் எதிரிலிருந்த தேநீர்க் கடைக்கு இடம்பெயர்ந்தேன். அப்படித்தான் அவர்களைப் பார்த்தேன். பன்னிரண்டரை மணியளவில் இரண்டு, மூன்று பெண்களாக வந்து, பூங்காச் சுவரை ஒட்டி, மூடியிருந்த கடைகளின் படிகளில் அமர்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். சுற்றியுள்ள அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்பவர்கள். காலை வேலை முடிந்து, மூன்று மணிக்கு மாலை வேலை தொடங்கும் வரை இரண்டரை மணி நேரத்தை எங்காவது கழிக்க வேண்டும். வீடு நகரின் தெற்கு விளிம்பிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதியான பெரும்பாக்கத்தில் இருப்பவர்கள் பேருந்தில் போய்த் திரும்ப முடியாது. கூட்டம் நடந்தது தெரியுமா என்று கேட்டேன். “அது வூட்டுக்காரங்க மீட்டிங் இல்லம்மா?” என்றார் ஒருவர். வீடு உள்ளவர்கள் என்ற பொருளில் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கும், நான் அழைப்பிதழில் அச்சிட்டிருந்த ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்கும் உள்ள தொலைவை அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கேட்டவை இரண்டே: நண்பகலில் கதவு திறந்திருக்க வேண்டும்; கழிப்பறை பூட்டாமல் இருக்க வேண்டும். இதைச் சங்கத்திடம் எடுத்துச் சென்றபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மதியம் திறந்தால் காதலர்கள் வருவார்கள், குடிப்பவர்கள் வருவார்கள், பாதுகாப்பு போய்விடும் என்றார்கள். நேரத்தை யார் நிர்ணயித்தது என்று அலுவலகத்தில் விசாரித்தேன். அதற்கான ஆணை எதையும் யாராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. கடைசியில், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவரைக் கேட்டேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அந்தப் பூங்காவுக்கு ஒரே ஒரு காவலாளி. காலை நாலரைக்கு வருகிறார், இரவு எட்டரைக்குப் போகிறார். “நான் எப்பம்மா சாப்பிடறது, எப்பத் தூங்கறது?” என்றார். அவருக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் பூட்டினாராம். பலகை அதற்குப் பிறகு வந்ததாம். ஒரு மனிதரின் சாப்பாட்டு நேரம் விதியாக மாறி, விதி ஒழுக்கப் பிரச்சினையாக மாறி, அதன்மேல் நாங்கள் அனைவரும் ஒரு மாதமாக வாதாடிக்கொண்டிருந்தோம்.

குழந்தைகளிடமும் போனேன். அருகிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவிகளிடம் பூங்காவை வரையச் சொன்னால் சறுக்குமரம் வரைவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலோர் ஊஞ்சல் வரைந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் ஊஞ்சல் ஆடுவதில்லை. ‘12 வயதுக்கு மேற்பட்டோர் அமரக் கூடாது’ என்ற அறிவிப்பு ஒரு காரணம். பக்கத்திலேயே பையன்கள் கிரிக்கெட் ஆடுவது இன்னொரு காரணம். பையன்களிடம் பேசியபோது அவர்கள் திடலைப் பெரிதாக்கக் கேட்கவில்லை. பந்து வெளியே போனால் சுவரேறிக் குதிக்க வேண்டியிருக்கிறது, பின்பக்கம் ஒரு சின்ன கதவு போதும் என்றார்கள்.

திருத்திய மதிப்பீட்டில் நீரூற்று நீங்கியது. சங்கத்தினர் சிலர் இன்றும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மாநகரில் வறண்டு கிடக்கும் நீரூற்றுத் தொட்டிகளைப் பார்த்தவள் என்ற முறையில் அதில் எனக்கு வருத்தமில்லை. பெரியவர்களின் எடையும் தாங்கும் இரும்புச் சட்டத்தில் நான்கு ஊஞ்சல்கள், விளையாட்டுப் பக்கத்தில் உயரமான வலை, பின்கதவு, பெண்கள் கழிப்பறைக்குத் தனித் தண்ணீர்த் தொட்டி ஆகியவை சேர்ந்தன. எட்டு வடிவப் பாதையும் வந்தது; அதைக் கேட்டவர்கள் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் கேட்டது தவறென்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. நண்பகல் திறப்பை மட்டும் ஒரு மாதச் சோதனை என்று எழுதி, பகலுக்கு இரண்டாவது ஆளை ஒப்பந்தத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தேன். சங்கத்தின் செயலாளரே அந்தத் தாளில் கையெழுத்திட்டார். அவர் வீட்டில் வேலை செய்பவரும் அந்தப் படிகளில் உட்கார்பவர்தான் என்பது அவருக்கு நான் காட்டிய புகைப்படத்தில்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022 இல் வந்த பிறகு, என்னைப் போன்றவர்கள் இல்லாமலே இந்தப் பேச்சுகள் நடக்க வழி பிறந்திருக்கிறது. சில பகுதி சபைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். குப்பையும் வடிகாலும் தெருவிளக்கும் பேசி முடிவதற்குள் நேரம் போய்விடுகிறது என்றாலும், எழுந்து கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல இடம். வாக்காளர் பட்டியலில் அந்தப் பகுதியில் பெயர் உள்ளவர்களுக்கான இடமும்கூட. பெரும்பாக்கத்திலிருந்து வருபவர்களின் பெயர் அதில் இருக்காது.

சென்ற கோடையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மணி ஒன்று. கதவு திறந்திருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையில் நான்கைந்து தூக்குவாளிகள் தொங்கின. ஊஞ்சலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் காலை மெல்ல உந்தியபடி கண்ணை மூடியிருந்தார். பழைய காவலாளி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவருகே பலகை மட்டும் ‘காலை 5 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை’ என்றே இருந்தது. பலகையைத் திருத்தி எழுதும் செலவு மதிப்பீட்டில் விட்டுப்போயிருந்தது.