கோட்டுக்கு முன் எண்ணைப் படியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அதனால் இங்கே தலைக்கு மேல் இருப்பதெல்லாம் திறந்த வானம் என்று, விமான வரைபடம் படிக்கத் தொடங்குபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வடமேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி என இரண்டு நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் அளவு. 1:5,00,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 5 கி.மீ. ஒரு நாட்டிகல் மைல் 3.7 மி.மீ. வரும். ஸ்கேல் கையில் இல்லையென்றால் பக்கவாட்டு விளிம்பில் அட்சரேகையை அளக்கலாம். அங்கே ஒரு கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு நாட்டிகல் மைல். மேல்விளிம்பில் தீர்க்கரேகையை வைத்து அளக்கவே கூடாது, துருவத்தை நோக்கிப் போகப் போக அதன் இடைவெளி சுருங்கும். நாம் இருப்பது 8 டிகிரி அட்சத்தில். இங்கே பிழை நூற்றுக்கு ஒன்றுதான். அதனாலேயே தவறான பழக்கம் கண்ணில் படாமல் ஒட்டிக்கொள்கிறது. காஷ்மீரில் அதே பழக்கம் நூற்றுக்குப் பதினேழு பிழை தரும்.

அடுத்தது வான்வெளி. கட்டுப்பாட்டு வான்வெளியைக் காட்டும் வளையத்தைப் பார்த்ததும் விரல் அதைச் சுற்றி ஓடும். அதற்குள் எழுதிய அடிமட்ட, மேல்மட்ட எண்களைக் கண் தாண்டிவிடும். வான்வெளி ஒரு கன உருவம், அதற்குத் தரையும் கூரையும் உண்டு. அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா, பறப்பு மட்டமா (நிலையான காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம்) என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆல்டிமீட்டரில் (உயரமானி) கியூஎன்ஹெச், அதாவது கடல்மட்டக் காற்றழுத்த அமைப்பு, 5 ஹெக்டோபாஸ்கல் தவறினால் ஏறக்குறைய 140 அடி தவறும். கூரைக்கு மேலே போவதாக நம்புபவர் உள்ளே போய்விடுவார்.

வான்வெளி டி, இ, எஃப், ஜி போன்ற வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டி வகுப்புக்குள் நுழையும் முன் ரேடியோவில் அனுமதி கிடைத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் மற்ற விமானங்களை டவர் விலக்கி வைக்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. பார்வைப் பறப்புக்கு (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு) அங்கே கிடைப்பது மற்ற விமானங்களைப் பற்றிய தகவல். பார்த்து விலகுவது விமானியின் வேலை. குளச்சலிலிருந்து கரையோரமாக வடமேற்கே போகிறவருக்கு இது முக்கியம். திருவனந்தபுரம் 32 ரன்வேக்கு இறங்கும் பாதை தென்கிழக்கே நீண்டு வருகிறது.

பார்வைப் பறப்புக்கு 10,000 அடிக்குக் கீழே குறைந்தபட்சம் தேவை: பார்வைத் தூரம் 5 கி.மீ., மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், செங்குத்தாக 1,000 அடி. தென்மேற்குப் பருவமழை மேகம் மகேந்திரகிரியை மூடும் நாளில் இந்த எண்கள் கைக்கு எட்டாது. கன்னியாகுமரிக் கரையிலிருந்து அந்த மலை வரைபடத்தில் ஆறேழு செ.மீ. தூரம்தான், உயரமோ சுமார் 5,400 அடி.

ஆரல்வாய்மொழிக் கணவாய் தனிக் கவனம் கேட்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக்காற்று மலையிடுக்கில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். கிழக்குச் சரிவில் கடும் குலுக்கல் வரும். முப்பந்தல் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். காற்றாலை போன்ற உயரமான தடைகளுக்கான குறி அருகே இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று கடல்மட்டத்திலிருந்து நுனி உயரம், அடைப்புக்குறிக்குள் இருப்பது தரையிலிருந்து உயரம். ஆல்டிமீட்டரோடு ஒப்பிட வேண்டியது முதல் எண்ணை. மாற்றிப் படித்தால், அந்த இடத்துத் தரையின் உயரம் முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

புதிய காற்றாலைகளின் இறகு நுனி 100 மீட்டரைத் தாண்டுகிறது. பழைய பதிப்பில் அவை இருக்காது. ஆகவே விளிம்பில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, பிறகு வந்த நோட்டாம்களை (விமானிகளுக்கான அறிவிப்புகளை) பென்சிலில் குறித்து, பாதையின் இருபுறமும் பி (தடை), ஆர் (கட்டுப்பாடு), டி (அபாயம்) எழுத்துள்ள பகுதிகளைத் தேடிய பிறகே பாதைக்கோடு போட வேண்டும். கூடங்குளம் பக்கம் போகிறவர் இதை இரண்டு தடவை செய்ய வேண்டும்.