பொன்னியை விட்டு வந்த கதை

மன்னார்குடிப் பக்கம் என் மாமாவிடம் இரண்டு அறுவடை வண்டிகள் இருக்கின்றன. ஒன்று டயர் வண்டி, இன்னொன்று பெல்ட் வண்டி. யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் சேறு அப்பிய ஒரு நோட்டில் கிடக்கும். அதற்காக எழுதியதுதான் என் முதல் ஆப். மற்ற வண்டிக்காரர்களும் கேட்டார்கள், விலை வைத்தேன். ஆப் எழுத எட்டு மாதம் ஆனது. பெயர் வைக்க ஒரு டீ ஆறும் நேரம்தான். பொன்னி என்று எடுத்து, அதோடு இன்னொரு சொல்லை ஒட்டினேன்.

உத்யம் சான்றிதழில் அந்தப் பெயர் அச்சாகி வந்தது. வங்கியிலும் அதே பெயரில் நடப்புக் கணக்கு கிடைத்தது. அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது, இனி பெயர் நம்முடையது என்று இருந்துவிட்டேன். உத்யம் என்பது நீங்கள் சிறுதொழில் செய்கிறீர்கள் என்பதற்கான பதிவு. பெயருக்கு அது பட்டா அல்ல. கம்பெனியாகவே பதிந்திருந்தாலும் அந்தப் பதிவு வேறு, விற்கும் பெயரை நம்முடையதாக்கும் டிரேட்மார்க் வேறு.

ஒன்றரை வருடம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது வெளியூர் நிறுவனம். எனக்கு முன்பிருந்தே விவசாயத்துக்கு மென்பொருள் விற்கிறார்கள், பெயரையும் பதிந்திருக்கிறார்கள். எழுத்தில் பார்த்தால் இரண்டு பெயரும் வேறு. வாயால் சொன்னால் எது எது என்று தெரியாது. "காவேரிக்கே பொன்னின்னு பேரு, அதை எவன்டா சொந்தம் கொண்டாடுறது?" என்று மாமா குதித்தார்.

கும்பகோணத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் மாமாவுக்கும் சேர்த்தே பதில் சொன்னார். ஆற்றை யாரும் கேட்கவில்லை, மென்பொருள் விற்கும் இடத்தில் முழுப்பெயரும் குழப்புகிறதா என்பதுதான் கேள்வி. 1963-இல் உச்ச நீதிமன்றத்தில் 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்று இரண்டு மருந்துப் பெயர்கள் மோதின. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெண்ணிப் பார்க்கக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆளின் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இணையப் பெயர்களும் விலக்கல்ல. 2004-இல் 'சிஃபி' வழக்கில் டொமைன் பெயருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சண்டை போட்டால் எனக்கு ஆகும் செலவு ஒரு சின்ன டிராக்டர் விலை. சரி, மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

மாற்றும்போதுதான் அடுத்த இடி. பிளே ஸ்டோரில் மேலே தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆப்பைக் கடை அடையாளம் கண்டுகொள்ள உள்ளே இருக்கும் பேக்கேஜ் பெயரை ஒருமுறை வெளியிட்ட பிறகு மாற்றவே முடியாது, ஆப்பின் இணைப்பு முகவரியிலும் அது தெரியும். அதில் பொன்னியை அழகாக எழுதி வைத்திருந்தேன். கடைசியில் புது ஆப்பாகவே ஏற்றி, ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் போன் போட்டு, பழையதை எடுத்துப் புதியதைப் போட வைத்தேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

இரண்டாவது பெயருக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். தமிழில் நல்ல பெயர் என்று மனதில் வருவதெல்லாம் சட்டத்தில் பலவீனமான பெயராகவே இருந்தது. 'அறுவடைக் கணக்கு' செய்யும் வேலையையே சொல்கிறது, அதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தராது. தஞ்சை ஊர்ப்பெயர், அதற்கும் அதே தடை. பொன்னி நெல் ரகத்தின் பெயர் என்பதால் நெல் சம்பந்தப்பட்ட ஆப்புக்கு அதுவும் நொண்டிதான். உழவன் என்று தமிழ்நாடு அரசின் ஆப்பே 2018 முதல் இருக்கிறது. அரசாங்கத்தோடு தொடர்பு இருப்பதுபோல் தோன்றும் பெயர்களுக்கு 1950-இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சோழனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எங்கள் பக்கம் லாட்ஜிலிருந்து சைக்கிள் கடை வரை அவன் ஆட்சிதான்.

டிரேட்மார்க் பதிவேட்டின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அங்கே பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டு வகை பிரித்திருக்கிறார்கள். டவுன்லோடு செய்யும் ஆப் என்றால் 9-ஆம் வகை, இணையத்தில் சேவையாக ஓடும் மென்பொருள் என்றால் 42. இரண்டிலும் பார்க்க வேண்டும். பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல், ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். அதை நம்பியும் இருந்துவிடக் கூடாது. நம் 'க' இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதப்படும், 'ச' இரண்டு விதமாக. 'ப' என்றால் ஒரு 'பி'யா இன்னொரு 'பி'யா என்ற தொல்லை வேறு (எந்த 'பி' என்று தமிழில் எழுதிக் காட்டவும் வழியில்லை!). ஒரே சொல்லை ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் தேடினேன். அப்புறம் பிளே ஸ்டோர், ஆப்பிள் கடை, டொமைன், சும்மா கூகுள். பதியாமலே முன்பிருந்து விற்கிறவருக்கும் உரிமை உண்டு என்பதால் பதிவேடு மட்டும் போதாது.

கடைசிச் சோதனையை மாமாவிடம் வைத்தேன். போனில் பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, மூன்று நாள் கழித்துக் கேட்பேன். நான்கு பெயர்கள் அதில் தோற்றன. ஒன்றை அவர் பூச்சிமருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தேறியது அகராதியில் இல்லாத ஒரு சொல். வாய்க்கால் கரையில் நிற்கும் நாரையை என் தங்கை மழலையில் அப்படித்தான் கூப்பிடுவாள். பொருள் இல்லாத சொல்லுக்குத்தான் பலம் அதிகம் என்று வக்கீல் சந்தோஷப்பட்டார். தனிநபர் என்பதால் இணையவழி விண்ணப்பத்துக்கு வகைக்கு 4,500 ரூபாய், இரண்டு வகைக்கு 9,000. பெரிய கம்பெனி என்றால் இதைப்போல் இருமடங்கு. வக்கீல் கூலி தனி. விண்ணப்ப எண் கிடைத்த அன்றே பெயருக்குப் பக்கத்தில் டிரேட்மார்க்கைக் குறிக்கும் டிஎம் போட்டுக்கொண்டேன். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு முடிந்த பிறகுதான், முன்னாலேயே போட்டால் குற்றம்.

பரிசோதகர் ஒரு ஆட்சேபம் எழுப்பினார், 30 நாளுக்குள் பதில் கொடுத்தோம். இப்போது டிரேட்மார்க் இதழில் விளம்பரமாகியிருக்கிறது. எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு, அது முடியும்வரை பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. பயம்தான், வேறென்ன.

நேற்று மாமா போன் செய்தார். பெல்ட் வண்டி நீடாமங்கலம் பக்கம் ஆறு மணி நேரம் ஓடியதாம். "பொன்னியில ஏத்திட்டேன் மாப்ள, பாத்துக்க" என்றார்.