மச்சம் சமைக்காத நாளில் சுறா பார்க்கப் போனோம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கடலைப் பார்த்தே வாழ்ந்திருந்தும், உயிருள்ள சுறா ஒன்றை நான் ஒருபோதும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் துண்டம் துண்டமாக நிறுத்து விற்கப்படும் சுறாதான். அம்மா அதைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து, கத்தியின் முதுகால் தோலைச் சுரண்டுவார். மணலைப் போன்ற ஒன்று பொருபொருவெனக் கழன்று சட்டியின் அடியில் தங்கும். பிறகு அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வறையாக்குவார். வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், தாய்க்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறா தேடி வாங்கி வருவார்கள். என் மகள் பிறந்தபோது நானும் அதைத்தான் வாரக்கணக்கில் உண்டேன்.

அந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, நன்றாக நீந்துவாள். சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதம், திருகோணமலைக்குப் போய் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவில் சுறாக்களைப் பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்தபோது, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிச் சில நாட்கள் ஆகியிருந்தன. திருவிழா முடியும் வரை 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. “மச்சம் சமைக்காத நாளில சுறாவைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் போறம்?” என்று அம்மா கேட்டார். கேட்டாரே தவிர, தனது பையை முதலில் கட்டி வைத்தவரும் அவர்தான்.

கொழும்பிலிருந்து கடலுயிர்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் முதலில் காற்றின் திசையை அறிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் பெரும்பாலும் குளம்போல அமைதியாகக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் இந்த ஒழுங்கு அப்படியே மாறிவிடும். தெற்கே மிரிசாவில் நீலத் திமிங்கிலங்களையும் மேற்கே கற்பிட்டியில் டொல்பின் கூட்டங்களையும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்ப்பதும், ஆண்டின் நடுப்பகுதியில் கிழக்கை நாடுவதும் இதனால்தான். விடுமுறை கிடைத்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு படகு பேசுகிறவர்கள், அலையில் குலுங்கி வாந்தி எடுத்துவிட்டு, கடலில் ஒன்றுமே இல்லை என்று சொல்லித் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கற்பிட்டிக்கு நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தோம். அந்தப் பயணத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புறாத்தீவில் நான் நடந்துகொண்ட விதத்தை அதுவே தீர்மானித்தது. பெப்ரவரி மாதத்துக் காலை, பவளப்பாரைத் தாண்டிச் சென்றதும் டொல்பின்கள் தென்பட்டன. நீரிலிருந்து எழும்பி, பம்பரம்போல உடலைச் சுழற்றிக்கொண்டு விழும் இனம். முதல் ஐந்து நிமிடம் பேரழகாக இருந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஏழு படகுகள் வந்து சேர்ந்தன. கூட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படகு குறுக்கே பாய்ந்தது. எங்கள் படகில் இருந்தவர்களும், என்னையும் சேர்த்துத்தான், “கிட்டப் போங்கோ, கிட்டப் போங்கோ” என்று படகோட்டியை அவசரப்படுத்தினோம். ஒரு தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு நீந்திய குட்டி ஒன்று, படகின் முனைக்கு முன்னால் திசை தெரியாமல் இருமுறை திரும்பியதை நான் பார்த்தேன். அந்த இனம் இரவில்தான் இரை தேடுகிறது என்பதையும், பகலில் அது கூட்டமாக மெல்ல நீந்தி இளைப்பாறுகிறது என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்களின் உறக்கத்தை நாங்கள் விரட்டி விரட்டிக் கலைத்திருந்தோம்.

ஆகவே இம்முறை எந்த இடத்துக்குப் போவது என்பதைவிட யாருடைய படகில் ஏறுவது என்பதைத்தான் அதிகம் யோசித்தோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயிலில் ஏறி, விடியும் வேளையில் திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் நிலாவெளிக்குப் போனோம். கரையில் அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்துக்கு அருகே படகுகள் வரிசையாக நின்றன. சிலர் “நிச்சயம் சுறா காட்டுவம்” என்று அழைத்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மட்டும், சற்றுத் தள்ளி, வலையொன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தார். “அண்ணா, இண்டைக்குச் சுறா தெரியுமோ?” என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். “தெரிஞ்சா உங்கட அதிர்ஷ்டம், தங்கச்சி. நீங்க தண்ணிய அடிக்காம இருந்தா தெரியும்.” நாங்கள் அவருடைய படகில் ஏறினோம்.

தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு பாறைத் தீவுகள். பெரியது கூட 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான் இருக்கும். பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. ஊரார் புறாமலை என்பார்கள். 1963-இல் சரணாலயமாகவும் 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த இடத்தை வனசீவராசிகள் திணைக்களம் பராமரிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இதே தீவு பீரங்கிப் பயிற்சிக்கான இலக்காக இருந்தது என்று அறிந்தபோது, அந்தப் புறாக்கள் எப்படித் தாங்கின என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கரைக்கு முன்னால் சற்றுத் தொலைவிலேயே அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டார். படகு தன் போக்கில் மிதந்து மணலைத் தொட்டது. அந்தக் கரை முழுவதும் உடைந்த பவளக் கிளைகள். காலை வைத்தால் ஓட்டுத் துண்டுகளைப் போலக் கிலுங்கும். அம்மா செருப்போடு நிழலில் உட்கார்ந்துகொள்ள, நானும் மகளும் முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து, படகோட்டி அண்ணாவின் பின்னால் தீவின் மறுபக்கம் போனோம். வெயிலுக்குப் பூசும் கிரீம்களிலுள்ள சில இரசாயனங்கள் பவளத்தைக் கெடுக்கும் என்பதால் நாங்கள் நீண்ட கைச்சட்டை அணிந்திருந்தோம். துடுப்புக் காலணி வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். பழக்கமில்லாதவர்கள் அதை மாட்டிக்கொண்டு உதைக்கும்போது நூறு வருடம் வளர்ந்த பவளம்கூட ஒரே அடியில் முறிந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். எங்களுக்கு முன்னால் போன இளைஞர் கூட்டத்தில் இருவர், மூச்சு வாங்குவதற்காகப் பவளத்தின் மீதே ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணா அவர்களிடம் நீந்திப் போய், கையைப் பிடித்து மணற்பரப்புக்கு அழைத்து வந்து விட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

நீருக்குள் தலையை வைத்ததும் முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம். காய்ந்த அப்பளத்தை எங்கோ யாரோ ஓயாமல் நொறுக்குவதுபோல. கிளிமீன்கள் பவளப் பாறையைக் கொறிக்கும் ஓசையும் அதில் உண்டு; அவை கொறித்து விழுங்கிக் கழிப்பதே வெண்மணலாகக் கீழே படிகிறது. அழுங்காமை ஒன்று பாறையிடுக்கில் தலையை நுழைத்து எதையோ பிய்த்துக்கொண்டிருந்தது. எங்களை அது பொருட்படுத்தவே இல்லை. 1998-இல் கடல் சூடேறியபோது கற்பிட்டிப் பவளப்பாரின் ஆழம் குறைந்த பகுதியில் பவளங்கள் ஏறக்குறைய முழுவதும் வெளிறி இறந்தன, இக்கடுவையிலும் பேரழிவு நேர்ந்தது. திருகோணமலைப் பக்கம் அந்த ஆண்டு தப்பிக்கொண்டது. அந்தத் தப்பிப்பிழைப்பின் மேல்தான் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. கையையும் காலையும் அசைக்காமல், முகம் கவிழ்ந்து கிடந்தோம். சுறா நீரின் சிறு அதிர்வையும் விலாவோரம் ஓடும் உணர்கோட்டினால் அறிந்துகொள்ளும். மூக்கின் கீழுள்ள நுண்துளைகளால், மணலுக்குள் புதைந்திருக்கும் மீனின் தசையிலிருந்து வரும் மின்துடிப்பைக்கூட உணர்ந்துவிடும். நாம் அதைக் காண்பதற்கு வெகுநேரம் முன்பே அது நம்மை அறிந்திருக்கும் என்பதே இதன் பொருள். அண்ணா என் தோளை மெல்லத் தொட்டார்.

அது என் இடது பக்கமிருந்து வந்தது. எனக்கும் அதற்கும் இடையே நான்கு மீற்றர் இருந்திருக்கலாம். நான்கடியைச் சற்றே மிஞ்சும் நீளம், மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், மழுங்கிய சிறு மூக்கு. முதுகுத் துடுப்பின் நுனியில் மையில் தோய்த்தெடுத்தது போன்ற கறுப்பும், அதன் கீழே வெள்ளைப் பட்டையும் அத்தனை தெளிவாக இருந்தன. செவுட்பிளவுகள் ஐந்தும் மெல்லத் திறந்து மூடின. கருமுனைச் சுறா எனப்படும் இந்த இனம் நீந்துவதை நிறுத்த முடியாது. முன்னே நகர்ந்து, வாய்வழி நீர் புகுந்து செவுள்வழி வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. வாலை ஒருமுறை வீசிவிட்டு, அந்த ஒரே வீச்சில் என் பார்வைப் பரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனது. நீர் கலங்கவில்லை. அம்மா கத்தியால் சுரண்டிச் சட்டியில் விழுத்தும் அந்த மணல் என் நினைவுக்கு வந்தது. அவை தோல் முழுவதும் பதிந்திருக்கும் நுண்பற்கள். தலையிலிருந்து வால் நோக்கிச் சாய்ந்து நின்று, நீரின் இழுவையைக் குறைத்து, சுறாவைச் சத்தமில்லாமல் வழுக்கிச் செல்ல விடுபவை அவைதான். அத்தனை ஆண்டுகள் என் விரல்களால் தடவிப் பார்த்த ஒன்றின் வேலையை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு இரண்டு வந்தன. ஒன்று எங்களை நோக்கித் திரும்பி, அரை வட்டம் போட்டு விலகியது. அப்போது பவளத்தில் ஏறி நின்ற அதே இளைஞர்கள் ஆரவாரத்தோடு நீரில் பாய்ந்தார்கள். அந்த ஓசை முடிவதற்குள் மூன்று சுறாக்களும் இருந்த இடம் தெரியாமல் போயின. மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் பிராணி அது. அதற்கு முக்கிய இரை சிறு மீன்கள். நானும் மகளும் மறுபடி அசையாமல் கிடந்தோம்; இருபது நிமிடத்துக்குப் பின் ஒன்று திரும்பி வந்தது.

இளைப்பாறுகையில் படகோட்டி அண்ணா தன் தந்தையின் காலத்தைப் பற்றிப் பேசினார். அப்போது வலையில் கொம்பன் சுறாவும், வாள்போல மூக்கு நீண்ட வேளாவும் பட்டனவாம். வேளாவைத் தான் ஒருமுறைகூடக் கண்டதில்லை என்றார். வேளா உண்மையில் திருக்கை இனம். சங்க காலத்துப் பரதவர் சுறவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதாகப் படிக்கிறோமே, அந்தக் கொம்பு வேளாவினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெய்வமாக நட்டு வைக்கும் அளவுக்கு அது அன்று கரையோரத்தில் இருந்திருக்கிறது. மற்றப் பல மீன்களைப்போலச் சுறா இலட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. கருமுனைச் சுறா ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகளையே போடும். அவை வளர்ந்து ஈனும் பருவம் எட்டவும் ஆண்டுகள் செல்லும். துடுப்புக்காகப் பிடிக்கும் வேகத்துக்கு அதன் இனப்பெருக்கம் ஒருபோதும் ஈடுகொடுக்காது. உடலளவு நீண்ட வாலுடைய கசைவால் சுறாக்களைப் பிடிப்பதற்கு இலங்கையில் 2012-இல் தடை வந்தது. அது நல்ல சட்டம், ஆனால் எந்தச் சுறா வலையில் படும் என்பதை வலை தெரிவு செய்வதில்லை. “முந்திப் பிடிச்சு வித்தம், தங்கச்சி. இப்ப உயிரோட காட்டிச் சாப்பிடுறம்,” என்றார் அவர். எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு உண்டானது.

நாங்கள் கரைக்குத் திரும்பியபோது அம்மா நிழலில் இல்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலளவு நீரில், பாறைகள் இரண்டுக்கு நடுவே அசையாமல் நின்றார். மகள் கூப்பிட வாயெடுத்தாள். அம்மா திரும்பாமலே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அருகே போய்ப் பார்த்தேன். அம்மாவின் கால்களிலிருந்து இரண்டடி தள்ளி, மணலின் நிறத்திலேயே, ஒரு முழ நீளத்தில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துடுப்பில் சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு. பெரிய மீன்கள் வர முடியாத ஆழம் குறைந்த ஓரங்களில்தான் குட்டிகள் வளரும்.

“குட்டியோ தம்பி?” என்று அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“ஓம் அம்மா, இந்த வருசத்துக் குட்டி,” என்றார் படகோட்டி அண்ணா.

படகுக்கு நேரமாகிவிட்டதென்று நான் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் பொறு என்றார். அன்றிரவு திருகோணமலையில் ரயில் ஏறியதும், வெள்ளவத்தையில் இருக்கும் சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கல்ஓயாச் சந்தி வரை அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். “நாலு எண்ணினன்,” என்றார். “ஒண்டு என்ர காலைச் சுத்திப் போனது.”