சக்கை விழுந்த பக்கம்

அக்கம்பக்கத்து வீட்டாரை வைத்து எழுதிய கறுப்பு நகைச்சுவை நாவல் எடிட்டிங்குக்கு வந்தால், முதலில் எடுப்பது கிராஃப் தாள். எந்த வீட்டு கேட் எந்தப் பக்கம், கிணறு எங்கே, மதில் எத்தனை அடி என்று வரைந்துவிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்கு வெளியே, ரப்பர் நின்ற விளையை, அதாவது தோட்டத்தை, ஐந்தைந்து சென்டாகப் பிரித்து விற்ற தெரு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. வீடும் கிணறும் காரும் போக, மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் மிஞ்சும். அங்கே பிணத்தை நள்ளிரவில் வீட்டைச் சுற்றி இழுத்துப்போக முடியாது. எழுத்தாளர் சண்டைக்கு வருவார். படத்தைக் காட்டினால் அடங்கிவிடுவார். பிணம் அந்தச் சந்தில் சிக்கிக்கொள்வதே பிறகு நாவலின் நல்ல அத்தியாயமாகிவிடும்.

அடுத்தது நாள்கணக்கு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை. கேரளத்தில் அரசே நடத்துகிறது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் வாங்கிவிடலாம் என்பதால், இந்தப் பக்கத்துக் கதைகளில் செத்தவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தே தீரும். இருக்கட்டும். ஆனால் பரிசு விழுந்த சீட்டைக் குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். குலுக்கலன்றே சாவு என்றால், பதினாறாம் நாள் காரியம் முடியும்போது கையில் இருப்பது இரண்டு வாரம். துக்கம் கேட்க வருகிறவரெல்லாம் அலமாரிப் பக்கமே பார்ப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ‘சில மாதங்களுக்குப் பிறகு’ என்று அத்தியாயம் தொடங்கினால் எல்லாம் போச்சு.

போலீஸ் வரும் காட்சியில் தேதியைப் பாருங்கள். சந்தேக மரண வழக்கு 2024 ஜூலை 1க்கு முன்னால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 174ஆம் பிரிவு, அதன் பிறகு அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸின் 194ஆம் பிரிவு. ஏட்டு பழைய எண்ணை எழுதிவிட்டு அடித்துத் திருத்தலாம்; அது நன்றாகவே இருக்கும். வழித்தகராறு வந்தால் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம்: தடையில்லாமல், உரிமையாக 20 ஆண்டு நடந்த பாதையில் உரிமை கோரலாம். பத்தொன்பதாம் வருஷம் கேட்டைப் பூட்டுகிற மனுஷன் எந்தக் கொலைகாரனையும்விடச் சுவாரஸ்யமானவன்.

கதைசொல்லி முந்திக்கொண்டு சிரித்தால் வாசகர் சிரிக்கமாட்டார். ‘வேடிக்கை என்னவென்றால்’ கண்ணில் பட்டால் உடனே அடித்துவிடலாம். வழக்கமாக வரும் வாக்கியம் இப்படி இருக்கும் (சக்கை என்றால் இந்தப் பக்கத்தில் பலாப்பழம்): ‘சக்கை தலையில் விழுந்து அவர் பரிதாபமாகச் செத்துப்போக, அந்தச் சக்கைக்காக வேடிக்கையான சண்டை மூண்டது.’ திருத்தினால்: ‘சக்கை பதினாலு கிலோ இருந்தது. மரம் நம்மது, விழுந்தது அவங்க பக்கம். பேசி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.’ எடை முதலில். ‘சாவு’ என்ற சொல்லே வேண்டாம்.

வசனத்தில் மரியாதையை எளிதில் விட்டுவிடக் கூடாது. “ஓய், உம்ம சக்கை எங்க காம்பவுண்டிலயாக்கும் கெடக்கு” என்று கடைசிவரை ‘நீர்’ போட்டே வெட்டுப்பழி வளர வேண்டும். அது ‘நீ’ ஆவது நாவலில் ஒரே ஒரு தடவை. இரண்டாம் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டால், பிறகு கத்தியைக் காட்டினாலும் யாரும் பயப்படமாட்டார்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தாளர் குடியிருக்கும் தெருவை விசாரிப்பது கட்டாயம். அவதூறு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸின் 356ஆம் பிரிவு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை, நாயின் இனம், கார் நிறம் எல்லாம் மாற வேண்டும். ‘யாவும் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் போட்டதை நம்பி உட்கார முடியாது. கொலைகாரனாக வந்தவர் பெரும்பாலும் பெருமைப்படுவார். கஞ்சனாக வந்தவர்தான் வக்கீலைப் பார்ப்பார். ஆகவே எண்ணி எண்ணித் தேங்காய் கொடுக்கும் காட்சியை முதலில் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுகிறோம். கொலை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.