யாருக்காகச் செதுக்குகிறாய்?

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு, குமாசி, கானா

இன்று காலை பெசெயாசே கோவிலுக்குப் போயிருந்தேன். 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்ற அசாந்தே மக்களின் பழைய மண்கட்டடங்களில் இதுவும் ஒன்று. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள் உள்ளன. மேளக்காரர்களுக்கும் பாடுவோருக்கும் சமையலுக்கும் ஒவ்வோர் அறை போக, நான்காவது தெய்வத்துக்குரியது. மேளமும் பாட்டும் சுவரின் புடைப்புச் சிற்பமும் குறை சொல்லிக்கொண்டு வருபவர்களின் குறை தீர்க்கவே ஒரு கூரையின்கீழ்க் கூடியவை என்பது அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு விளங்கியது. பதினைந்து ஆண்டுகளாக ஓவியம் வரையும் எனக்கு, என் படத்தால் எவருடைய குறை தீர்ந்தது என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

அசாந்தேயர் உள்ளிட்ட அக்கான் மக்களிடம் பூசாரிப் பணியை யாரும் தாமாகத் தேர்ந்துகொள்வதில்லை. 'அபோசொம்' எனப்படும் தெய்வங்களுள் ஒன்று ஒருவரைப் பற்றிக்கொள்கிறது. அவருக்குக் காரணம் தெரியாத நோய் வரும், அல்லது அவர் காட்டுக்குள் அலைவார், மேளம் கேட்டால் அருள் வந்து ஆடுவார். மறுத்தால் நோய் முற்றும் என்பது நம்பிக்கை. இணங்கினால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், முடி வெட்டாமல், 'ஒகொம்ஃபோ' எனப்படும் மூத்த பூசாரி ஒருவரிடம் மூலிகைகளையும் ஆட்டத்தையும் குறிகேட்டலையும் பயில வேண்டும். தன்னைத் தாக்கிய நோயின் வழியாகவே ஒருவர் பிறர் நோயைத் தீர்க்கும் தகுதியை அடைகிறார் என்ற எண்ணம் இரவு வெகுநேரம் என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரி 5, புதன், அஹ்வியா

சாலையோரம் முழுவதும் மரச்சிற்பிகளின் பட்டறைகள். ஒரு முதியவர் வாய்ச்சியால் 'செசே' மரத்தைக் கொத்தி முக்காலி வடித்துக்கொண்டிருந்தார். நான் புதன்கிழமை பிறந்தவள் என்றதும் 'அகுவா' என்றே அழைக்கத் தொடங்கினார். நானும் அவரை 'வொஃபா', அதாவது தாய்மாமா, என்று அழைத்தேன்.

நான் தேடி வந்த பாவையின் பெயரிலும் அந்த அகுவாதான் இருக்கிறாள். 'அகுவாபா' என்றால் அகுவாவின் பிள்ளை. பிள்ளையில்லாத அகுவா என்பவள் பூசாரி சொன்னபடி மரப்பாவை ஒன்றைச் செய்வித்து, ஊர் கேலிபேசியும் அதை முதுகில் கட்டிச் சுமந்து, பின்னர் ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள் என்பது கதை. தாய்வழிக் குடியில் குலம் பெண்ணால் தொடர்வதால் பாவை பெரும்பாலும் பெண்ணுருவாகவே இருக்கும்: வட்டத் தட்டுப்போன்ற தலை, அழகின் அடையாளமான அகன்ற நெற்றி, வளையங்கள் சுற்றிய கழுத்து. பூசாரி அதற்குச் சடங்கு செய்து தந்தபின், பிள்ளை வேண்டும் பெண் அதற்கு மணி அணிவித்து, பெற்ற பிள்ளையைப்போலப் பேணுவாள்.

ஒன்று செதுக்கக் கற்றுத்தருமாறு கேட்டேன். "யாருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரி 8, சனி, மம்போங்-அக்குவாபெம்

பகலெல்லாம் பேருந்துப் பயணம். எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஓகு அம்போஃபோ (1908–1998) இந்த மலையூரில் மருத்துவராகவும் சிற்பியாகவும் வாழ்ந்தார். 1975-இல் இங்கே மூலிகை ஆய்வு மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானார். மலேரியாவுக்கு ஊர் வைத்தியர்கள் கொடுத்துவந்த 'நிபிமா' என்னும் மஞ்சள் வேரை ஏளனம் செய்யாமல், நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து ஆராய்ந்தவர். அவரைப்பற்றிப் பேசுபவர்கள் மருத்துவத்தை அவருடைய தொழிலாகவும் சிற்பத்தைப் பொழுதுபோக்காகவும் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய இரு கைகளும் ஒரே ஊரின் மனிதர்களுக்காகவே உழைத்தன.

பிப்ரவரி 11, செவ்வாய், அஹ்வியா

"என் அக்காவுக்கு, வொஃபா," என்றேன். இருமுறை கரு கலைந்தபின் அக்கா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் வாய்ச்சியைக் கீழே வைத்தார். "அப்படியானால் அவளே வர வேண்டும், அகுவா. முதலில் ஒகொம்ஃபோ அவள் பேச்சைக் கேட்க வேண்டும். சுமக்கப்போகிறவள் அவள்தானே? நீ கேட்டு நான் செய்தால் அது வெறும் மரம்."

கடை வாசலில் சுற்றுலாப் பயணிகளுக்காக வரிசையாக நிற்கும் பாவைகளுள் ஒன்றைக்கூட அவர் எனக்குக் காட்டவில்லை. பாதி முடிந்த முக்காலியை என் பக்கம் நகர்த்தி, உப்புத்தாளைக் கொடுத்தார். மாலை வரை தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்றிரவு அக்காவை அழைத்துப் பேச வேண்டும்.